வேதாரண்யம்: உப்பு அள்ளினவங்களும் சோறு போட்டவங்களும்

இன்னிக்கு ஒரு கடலோர ஊரைப் பத்திப் பேசப் போறோம்.

நான் தேவதானப்பட்டிக்காரன். கொடைக்கானல் மலை அடிவாரம், பக்கத்துல மஞ்சளாறு அணை. கடலுக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், தெருவுல சைக்கிள்ல வர்ற உப்புக்காரர்தான். தமிழ்நாட்டு உப்புன்னா முதல்ல தூத்துக்குடி, அடுத்தது வேதாரண்யம்.

மேப்பைத் திறந்து பாருங்க. சென்னையில இருந்து தெற்கே இறங்கி வர்ற கடற்கரை, கோடியக்கரையில டக்குனு மேற்கே திரும்பும். 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியோட அதே கோடியக்கரைதான். அந்த முனைக்குக் கொஞ்சம் வடக்கே வேதாரண்யம். பழைய பேரு திருமறைக்காடு. பேருக்கு நகராட்சி. ஆனா சுத்திலும் முல்லைப்பூத் தோட்டம், மா, தென்னை, பக்கத்துல ஆறுகாட்டுத்துறை மீனவர் குடியிருப்பு. தெற்கே வெளிமான் திரியுற காடு, 1967-லயே சரணாலயம் ஆகிடுச்சு. மேற்கே பூநாரைகள் வந்து இறங்குற பெரிய சதுப்பு நிலம்.

நிலம் அவ்வளவு தட்டை. கடல்தண்ணி ஏறி வந்து தேங்கும், வெயில்ல காயும், உப்பு தானா பூக்கும். அப்படித் தானா விளையுறதை வரி கட்டாம அள்ளினா குற்றம்னு சொன்னது வெள்ளைக்காரன் சட்டம்.

தண்டிக்குப் போன காந்தி 1930 ஏப்ரல் 6-ந்தேதி உப்பு எடுத்தார். ஒரு வாரம் கழிச்சு, ஏப்ரல் 13 அன்னைக்கு, ராஜாஜி சுமார் 100 பேரோட திருச்சியில இருந்து கிளம்பினார். ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடை. வேதாரண்யத்துல அவங்களுக்கு ஏற்பாடெல்லாம் செஞ்சது உள்ளூர்க்காரரான சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு வேலை பார்த்தார். நடக்கிறவங்களுக்குச் சாப்பாடு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைன்னு அறிவிச்சார். சாப்பாட்டை நிறுத்தினா ஊர்வலம் தானா நின்னுடும்னு கணக்கு. ஒரு சிஸ்டத்தை முடக்கணும்னா சப்ளையை வெட்டுன்னு நம்ம வேலையிலயும் சொல்லுவாங்க, அதே லாஜிக். ஆனா டெல்டாக்காரங்க சாப்பாட்டுப் பொட்டலங்களை ரோட்டோர மரக்கிளைகள்ல கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. யார் கட்டினதுன்னு போலீஸ் எந்த மரத்தைக் கேக்கும்?

ஏப்ரல் 28 அன்னைக்கு வேதாரண்யம் வந்து சேர்ந்தாங்க. 30-ந்தேதி அகஸ்தியம்பள்ளியில ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார், ஆறு மாசம் ஜெயில்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஆள் வைரப்பன். அந்த ஊர் முடிதிருத்துற தொழிலாளி. போலீஸ்காரங்களுக்கு வேலை செய்யறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தார். மஃப்டியில வந்த ஒருத்தருக்குப் பாதி சவரம் முடிஞ்சப்பதான் அவர் போலீஸ்னு தெரிஞ்சுதாம். கத்தியைக் கீழே வெச்சுட்டார். மிச்சத்தை முடிக்கச் சொல்லி எவ்வளவு மிரட்டியும் மசியல. அதுக்காக ஜெயிலுக்கும் போனார். ஊர்ல அவருக்கு நினைவுத் தூண் இருக்கு. பாடப்புத்தகத்துல ராஜாஜி வந்துடுவார். அவர் ஜெயிலுக்குத் தயாராத்தான் கிளம்பினார். ஆனா அன்றாடம் கத்தி பிடிச்சாத்தான் அடுப்பு எரியும்ங்கிற ஒருத்தர், யாரும் கூப்பிடாமலே தன் பிழைப்பைப் பணயம் வெச்சது எனக்கு இன்னும் பெருசாத் தெரியுது.

உப்பு வரி 1947-ல போச்சு. அதுக்கு முந்தின வருஷமே வேதரத்தினம் பிள்ளை பெண் குழந்தைகளுக்காக கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் ஆரம்பிச்சுட்டார். அது இன்னும் நடக்குது.

உப்பளத்து வேலை மட்டும் லேசாகல. பாத்தியில நின்னு உப்பு வாருறவங்களுக்கு கால்ல உப்புத்தண்ணி, கண்ணுல வெள்ளை வெளிச்சம். மழை பிடிச்சா உப்பு கரையும், சம்பளமும் கரையும். அந்த மாசங்களுக்குன்னு தமிழக அரசு 2022-ல இருந்துதான் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. 2004 சுனாமி, 2018 நவம்பர் கஜா புயல் ரெண்டுமே இந்த ஊரைப் புரட்டிப் போட்டுச்சு. கஜாவுல விழுந்த தென்னைக்குப் பதிலா நட்டது காய்க்க வருஷக்கணக்காகும்.

போகணும்னு தோணினா திருத்துறைப்பூண்டியில இருந்து ரயில் இருக்கு. ஒரு காலத்துல உப்பு ஏத்திப் போன பழைய மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தி 2023 ஏப்ரல்ல திறந்தாங்க, 37 கிலோமீட்டர். கடைசி ஸ்டேஷன் அகஸ்தியம்பள்ளி. இறங்கினா சுத்திலும் உப்பளம்தான்.