மட்டக்களப்புப் பறங்கியர் இசை

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் கலியாண வீடுகளிலும் பெருநாள் கூடல்களிலும் ஆடிப் பாடிவரும் இசை. கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசை இதன் தலையாய வடிவம். இலங்கையின் பைலா என்னும் துள்ளல் இசைக்கும், அதன் வழியாக ஈழத்துப் பொப்பிசைக்கும் மூலமாக அமைந்தது இவ்வகை இசையே. கருவிகளோடு கலந்து நின்ற குரல், நாளடைவில் மேடையின் முன்வரிசைக்கு வந்த கதையும் இதனோடு பிணைந்தது.

தோற்றம்

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில், 1638 மே மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தரிடம் அதை இழந்தனர். ஆட்சி போனாலும் அவர்கள் விட்டுச்சென்ற கலப்புப் போர்த்துக்கேய மொழி போகவில்லை. கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கிய ஒல்லாந்தரின் சொந்த வீடுகளுக்குள்ளேயே அம்மொழி புகுந்தது. ஆங்கிலேயர் வந்த பின்பும் மட்டக்களப்பில் அது நிலைத்தது. தச்சு, கொல்லு, தையல் போன்ற கைத்தொழில்களில் பேர்பெற்ற பறங்கியர் வீட்டில் அதையும் வெளியில் தமிழையும் பேசினர்.

நாலடிப் பாட்டு போர்த்துக்கல்லிலிருந்து வந்தது. துள்ளி நடக்கும் ஆறெட்டுத் தாளத்தைத் தந்தவர்கள், சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்.

ஏடுகளும் வகைப்பாடும்

இப்பாடல்கள் வாய்மொழியாகவே வாழ்ந்தவை. அவற்றை எழுத்தில் பிடித்துவைத்த பெருமை ஹியூ நெவில் என்பவரைச் சேரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கை சிவில் சேவையில் இருந்த இவர், சிங்கள ஓலைச்சுவடிகளைப் பெருந்தொகையாகத் திரட்டியவர். பிரித்தானிய நூலகத்தில் உள்ள இவரது சேகரிப்பில் கலப்புப் போர்த்துக்கேயப் பாடல்களின் கையெழுத்துப் படியும் உண்டு. அதில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயர் பாட்டு ஒரு பிரிவாகவும் ஆபிரிக்கர் வழிவந்த காப்பிரியரின் பாட்டு வேறொரு பிரிவாகவும் நிற்கின்றன. ஒரே மொழியில், ஒரே நாலடி அமைப்பில் பாடப்பட்டவற்றைப் பாடுவோரின் வம்சாவளியைக் கொண்டு பிரித்த வகைப்பாடு இது.

கோவாவைச் சேர்ந்த பாதிரியாரும் மொழியறிஞருமான செபஸ்தியாவோ ரொடோல்ஃபோ தல்காதோ 1900இல் வெளியிட்ட இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றிய நூல், இத்துறையின் அடுத்த படி. 1970களில் இயன் ஸ்மித் மட்டக்களப்புப் பேச்சை மொழியியல் நோக்கில் ஆராய்ந்தார். கென்னத் டேவிட் ஜாக்சன் நெவிலின் படியை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். ‘சிங்கெலே நோனா’ என்று இங்கே பாடப்பட்ட பாட்டுக்கு மலாக்காவில் கலப்புப் போர்த்துக்கேயம் பேசும் கிறிஸ்தாங் மக்களிடம் ‘ஜிங்க்லி நோனா’ என்ற உடன்பிறப்பு இருப்பதையும், இத்தகைய நாலடிகள் இந்தியாவின் மேற்குக் கரையோரப் போர்த்துக்கேயக் குடியிருப்புகளிலும் உலவியதையும் இவரது ஆய்வு எடுத்துக்காட்டியது. காதல், கேலி, குத்தல் ஆகியவையே பெரும்பாலான பாடல்களின் பொருள்.

ஆடலும் வாத்தியமும்

பறங்கியர் கலியாணத்தில் சோடி சோடியாக ஆடுவோரே கண்ணுக்குப் புலப்படுவோர். வயலின் மெட்டை ஏந்தும். றபானும் பிற கொட்டுகளும் தாளம் பிடிக்கும். பாடுபவர் அக்கூட்டத்துள் ஒருவர். பெரும்பாலும் வாசிப்பவரே பாடவும் செய்வார். ஒருவர் எடுத்த நாலடிக்கு இன்னொருவர் பதிலடி கொடுப்பதும் வழக்கம். இன்னார் பாட்டு என்று உரிமை கொண்டாட அங்கே இடமில்லை.

முன்னணிக்கு வந்த குரல்

இந்த ஒழுங்கு மாறியது மட்டக்களப்புக்கு வெளியே. கொழும்பில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்டியன், கபிரிஞ்ஞாத் தாளத்தில் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடி பைலாவின் தந்தை எனப் பெயர்பெற்றார். இருவர் எதிரெதிர் நின்று உடனுக்குடன் அடிகட்டும் வாத பைலாவும், எல்லோரும் சேர்ந்து பல்லவி எடுக்கும் கோரஸ் பைலாவும் இவரால் தழைத்தன. ‘ஐரின் ஜோசபின்’, ‘நர்ஸ் நோனா’ போன்ற பாடல்கள் இவர் பெயராலேயே அறியப்படுகின்றன. ஆடலுக்குத் துணைநின்ற இசையில், எழுதிப் பாடுபவரே நாயகர் ஆனார்.

தமிழில் இதே பாதையில் நடந்தவர்களுள் நித்தி கனகரத்தினம் முதன்மையானவர். உரும்பிராயைச் சேர்ந்த இவர், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது பாடத் தொடங்கினார். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்த மண் அம்பாறை. ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகிய பாடல்கள் யாழ்ப்பாணப் பேச்சையும் பைலாத் துள்ளலையும் இணைத்தன. திருகோணமலையில் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் மெல்லிசைப் பக்கம் சாய்ந்தனர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் தமிழகத் திரையையும் எட்டியது. இவர்களது புகழ் வளர்ந்த அளவுக்கு, தாளத்தைத் தந்த வாவிக்கரைக் கலைஞர்களின் பெயர்கள் வெளியே வரவில்லை.

இன்றைய நிலை

குடிபெயர்வும், டச்பார் பகுதியைத் தாக்கிய 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் பறங்கியர் சமூகத்தைச் சுருக்கின. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையில் மொழியும், மகேஷ் ராதாகிருஷ்ணன் முயற்சியில் இசையும் ஒலி, ஒளிப்பதிவாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. கலியாணங்களில் ஆடல் தொடர்கிறது.