கடாரத்து அரசரும் ராஜராஜனும்

ராஜேந்திர சோழர் 1025-ல் கடாரத்தின் மேல, அதான் நம்ம கெடா, படையெடுத்ததை எல்லாரும் ஷேர் பண்றீங்க. பிள்ளைங்க அதை வச்சே பள்ளியில மலாய் கூட்டாளிங்களோட வாக்குவாதம் பண்றாங்க. முன்கதை தெரியுமா?

கடாரத்து அரசர், தன் தந்தை சூளாமணிவர்மர் பேரில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை எழுப்பினார். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய சிவபக்தர் ராஜராஜர், 1006 வாக்கில் ஆனைமங்கலம் ஊர் வருமானத்தை அதுக்கு எழுதி வச்சார். எல்லை குறிக்க பெண் யானையை நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க! மொத்தம் 21 செப்பேடு, அதுல 16 தமிழ். ஹாலந்து போனதால லெய்டன் செப்பேடுன்னு பேர்.

தந்தையின் வாக்கை அப்படி நிலையா செப்பேட்டில் வெட்டச் சொன்னது யார்? அதே ராஜேந்திரர்தான்.