ஒன்செக்

ஒன்செக் என்பது கைபேசி, கார் போன்ற நகரும் சாதனங்களுக்காக ஜப்பானில் 2006 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சிச் சேவை. இதற்கெனத் தனிச் சந்தா இல்லை. இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பும் அதே கோபுரத்திலிருந்து கைபேசியும் நேரடியாகப் படத்தைப் பெற்றுக்கொள்ளும்.

அமைப்பு

ஜப்பானின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு ஐ.எஸ்.டி.பி-டி என்னும் தரத்தைப் பின்பற்றுகிறது. இத்தரத்தை உருவாக்கியதில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆய்வுக்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இம்முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 429 கிலோஹெர்ட்ஸ் கொண்ட 13 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் 12 கூறுகள் வீட்டுக்கான உயர்தெளிவுப் படத்தைச் சுமக்கின்றன. நடுவிலுள்ள ஒரே ஒரு கூறு கைபேசிக்கு உரியது. சேவையின் பெயரும் இந்த ஒற்றைக் கூற்றிலிருந்தே வந்தது.

வெவ்வேறு கூறுகளை வெவ்வேறு உறுதியுடன் அனுப்ப முடிவது இந்த அமைப்பின் நயமான பகுதி. 12 கூறுகளும் அதிகத் தகவலைச் சுமக்கும் 64 க்யூ.ஏ.எம். பண்பேற்றத்தில் செல்கின்றன, நல்ல ஆன்டெனா இருந்தால்தான் அவற்றைப் பெற இயலும். நடுக் கூறோ குறைந்த தகவலை, இடையூறுகளைத் தாங்கவல்ல க்யூ.பி.எஸ்.கே. பண்பேற்றத்தில் சுமக்கிறது. அதனால் ஓடும் ரயிலிலும் விரலளவு ஆன்டெனாவுக்கு அது எட்டுகிறது. அந்த ஒரு கூற்றை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்பதால் கைபேசியின் மின்கலமும் விரைவில் தீர்வதில்லை.

வழக்கமான அமைப்பில் நொடிக்குச் சுமார் 416 கிலோபிட் தகவல் இக்கூற்றில் செல்லும். படத்தின் அளவு 320க்கு 180 புள்ளிகள். நொடிக்கு அதிகபட்சம் 15 சட்டகங்கள். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் மேற்பாதியில் படமும் கீழ்ப்பாதியில் வானிலை, செய்தித் தலைப்புகள், விளையாட்டு முடிவுகள் போன்ற தரவும் தோன்றும். வசன எழுத்துகளும் கூடவே வருவதால், ரயிலில் கைபேசி ஒலியைத் தவிர்க்கும் ஜப்பானிய வழக்கத்துக்கு இது பொருந்தியது.

முன்வரலாறு

டோக்கியோ, ஒசாகா, நகோயா பகுதிகளில் 2003 டிசம்பர் 1 அன்று தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியபோதே நடுக் கூறு கைபேசிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் சேவை தொடங்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முதலில் எண்ணியிருந்த எம்பெக்-4 படக்குறுக்க முறையின் உரிமக் கட்டணம் பற்றிய இழுபறியும் தாமதத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இறுதியில் அதனினும் திறன் மிக்க எச்.264 முறை ஏற்கப்பட்டது.

உலகில் கையடக்க டிஜிட்டல் தொலைக்காட்சியை முதலில் தொடங்கியது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜப்பானிலேயே 'மொபாஹோ' என்னும் செயற்கைக்கோள் வழிக் கட்டணச் சேவை 2004 அக்டோபரில் தொடங்கிவிட்டது. தென்கொரியாவில் செயற்கைக்கோள் வழிச் சேவை 2005 மே மாதத்திலும் தரைவழிச் சேவை அவ்வாண்டு டிசம்பரிலும் வந்தன. கைபேசியில் பெறும் சேவையையே கணக்கில் கொள்வோர் கொரியாவையும், எந்தக் கையடக்கக் கருவியையும் ஏற்போர் மொபாஹோவையும் முன்வைப்பர்.

பரவல் (2005–2008)

சேவை தொடங்கும் முன்பே கருவிகள் வந்தன. சான்யோ தயாரித்த டபிள்யூ33எஸ்ஏ கைபேசியைக் கைபேசிச் சேவை வழங்கும் ஏ.யு. 2005 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பானசோனிக்கின் பி901ஐடிவியை மற்றொரு கைபேசிச் சேவை நிறுவனமான டோகோமோ 2006 மார்ச்சில் வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதம் வந்த ஷார்ப்பின் 905எஸ்எச் கைபேசியின் திரை 90 பாகை திரும்பி, விசைப்பலகைக்கு மேலே குறுக்காக நின்றது. அகலப் படத்தை முழுத் திரையில் காண அமைந்த இந்த அழகிய ஏற்பாடு, அக்காலக் கைபேசி வடிவமைப்பில் தனியிடம் பெறத் தக்கது.

2007-இல் பி.எஸ்.பி., நின்டெண்டோ டிஎஸ் ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கும் ஒன்செக் ஏற்பிகள் வந்தன. கார் வழிகாட்டிக் கருவிகளிலும் மடிக்கணினிகளிலும் இவ்வசதி சேர்ந்தது. 2008 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த புதிய கைபேசிகளுள் பெரும்பாலானவை ஒன்செக் கொண்டவை.

பரவல் வளர்ந்த அளவுக்கு வருவாய் வளரவில்லை. தொடக்கத்தில் வீட்டுக்குச் செல்லும் நிகழ்ச்சியையே கைபேசிக்கும் அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. ஆகவே தனி விளம்பரத்துக்கு இடமில்லை. 2008-இல் இவ்விதி தளர்ந்த பின்னரும் தனி நிகழ்ச்சிகள் பெரிதாக வளரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஜப்பானுக்கு வந்த ஐபோனில் ஒன்செக் கிடையாது. இச்சேவையின் சரிவு அங்கிருந்தே தொடங்கியது எனச் சிலரும், பின்னர் பெருகிய இணைய வழிக் காணொளியே காரணம் எனச் சிலரும் கருதுகின்றனர்.

2011 நிலநடுக்கம்

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானில் பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. மின்சாரம் நின்று தொலைபேசித் தொடர்பு நெரிசலில் சிக்கிய இடங்களில், கைபேசி ஒன்செக்கும் கார்த் தொலைக்காட்சியும் செய்தி பெறும் வழிகளாயின. எத்தனை பேர் பார்த்தாலும் ஒளிபரப்பில் நெரிசல் ஏற்படாது என்னும் எளிய உண்மையின் மதிப்பு அப்போது நன்கு விளங்கியது. எனினும் கோபுரங்களும் பழுதடையக் கூடியவை. மின்கலம் தீர்ந்தால் கருவியும் பயன்படாது. எனவே வானொலியுடன் ஒப்பிட்டு இதன் பங்கை மதிப்பிடுவதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

பிற நாடுகள்

பிரேசில் 2007 டிசம்பர் 2 அன்று சாவ் பாவ்லோவில் இதே முறையின் மாற்றுவடிவத்தைத் தொடங்கியது. அங்கே நொடிக்கு 30 சட்டகங்கள். பெரு, அர்ஜென்டினா, சிலி, பிலிப்பைன்ஸ் முதலியனவும் ஐ.எஸ்.டி.பி-டி தரத்தை ஏற்றன. இலங்கை 2014-இல் இதைத் தேர்ந்தெடுத்தது. செயலாக்கம் நெடுங்காலம் தள்ளிப்போனது.

கட்டண வழக்கு

ஒன்செக் கைபேசி வைத்திருப்பவர் என்.எச்.கே.யின் ஏற்புக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்பது நீதிமன்றம் சென்றது. ஏற்புக் கருவியை நிறுவியவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். கைபேசியை உடன் கொண்டு செல்வது கருவியை 'நிறுவுவது' ஆகாது என்று 2016 ஆகஸ்டில் சைதாமா மாவட்ட நீதிமன்றம் கூறியது. டோக்கியோ உயர் நீதிமன்றம் 2018-இல் அத்தீர்ப்பை மாற்றியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

பிற்காலம்

டோகோமோவின் துணை நிறுவனம் 2012-இல் தொடங்கிய 'நோட்டிவி' என்னும் கட்டணக் கைபேசித் தொலைக்காட்சி 2016 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. 2010-களின் இறுதியில் புதிய ஸ்மார்ட்போன்களில் ஒன்செக் அரிதாயிற்று.

ஐரோப்பாவின் டி.வி.பி-எச், அமெரிக்காவின் மீடியாஃப்ளோ ஆகியவை தனி அலைக்கற்றையையும் தனிக் கோபுரங்களையும் நம்பியவை, விரைவில் மறைந்தன. இருக்கும் கோபுரத்தையும் இருக்கும் அலைவரிசையையும் கொண்டே ஒரு நாட்டின் பொதுமக்களைச் சென்றடைந்தது ஒன்செக்கின் சாதனை.