ஐ.ஆர். எட்டின் முன்னோரும் பின்னோரும்: பன்னாட்டு நெல் ஆராய்ச்சியில் உள்ளூர் விதைகளின் இடம் (1960–2004)

முன்னுரை

ஃபோர்டு, ராக்ஃபெல்லர் ஆகிய இரு அமெரிக்க அறக்கட்டளைகளும் பிலிப்பைன்ஸ் அரசும் இணைந்து 1960ஆம் ஆண்டு லாஸ் பேனியோஸ் நகரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஆசியாவின் மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு நெல் விளைச்சல் ஈடுகொடுக்காது என்னும் அச்சம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அவ்வச்சத்திற்கு அறிவியல் தந்த விடையாகவே இந்நிறுவனமும், அது 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இரகமும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. அந்நூல்களில் விதை ஒரே திசையில்தான் பயணம் செய்கிறது. லாஸ் பேனியோஸிலிருந்து புறப்பட்டு ஏழை நாடுகளின் வயல்களைச் சென்றடைகிறது. நெல் இரகங்களின் வம்சாவளிப் பதிவுகளோ எதிர்த்திசைப் பயணத்தையும் காட்டுகின்றன. அப்பயணத்தின் சில தடங்களையும், விளைச்சல் பெருக்கத்திற்கும் உணவுப் பாதுகாப்புக்கும் இடையே நின்ற இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குட்டை நெல்லின் பிறப்பு

மரபான வெப்பமண்டல நெல் உயரமானது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் பயிர் மேலும் உயர்ந்து, கதிர் முற்றுவதற்கு முன்பே சாய்ந்துவிடும். உரம் விளைச்சலாக மாறாது. தைவானின் ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்னும் குட்டை இரகத்திற்கு இக்குறை இல்லை. அதிலிருந்து உருவான ‘தைச்சுங் நேட்டிவ் 1’ 1956ஆம் ஆண்டிலேயே தைவானில் வெளியாகியிருந்தது. எனவே குட்டைத்தன்மையைக் கண்டறிந்த பெருமை லாஸ் பேனியோஸுக்கு உரியதன்று.

1962இல் பீட்டர் ஜென்னிங்ஸ் மேற்கொண்ட 38 கலப்புகளுள் எட்டாவது, டீ-ஜியோ-வூ-ஜென்னை ‘பேட்டா’ என்னும் இந்தோனேசிய இரகத்தோடு சேர்த்தது. முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் உயரமாக வளர்ந்தன. இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. குட்டைத்தன்மையை ஒடுங்கு நிலையிலுள்ள ஒரே மரபணு ஆள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1963இல் பணியில் சேர்ந்த ஹென்றி பீச்செல் அடுத்தடுத்த தலைமுறைகளைத் தெரிவு செய்தார். 288ஆம் வரிசையின் மூன்றாம் செடியின் வழித்தோன்றலே 1966 நவம்பரில் ஐ.ஆர். 8 எனப் பெயர் பெற்றது. நீரும் உரமும் குறைவின்றிக் கிடைத்த சோதனை வயல்களில் அது ஹெக்டேருக்கு 9 டன்னையும் தாண்டியது.

இங்கு பேட்டாவின் பெற்றோரையும் நோக்க வேண்டும். சீன வழி வந்த ‘சினா’ ஒன்று. வங்காளத்தின் ‘லத்திசைல்’ மற்றொன்று. ஆகவே ‘அதிசய நெல்’ என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய இரகம் வங்காளத்து வயல்களுக்குச் சென்றபோது, ஒருவகையில் அது பிறந்தகம் திரும்பிய விதையாகும்.

கோயம்புத்தூரும் திரூர்க்குப்பமும்

ஐ.ஆர். 8இன் குறைகள் விரைவிலேயே வெளிப்பட்டன. அரிசி வெள்ளை வயிறு கொண்டது. சோறு ஆறினால் விறைத்தது. துங்ரோ வைரஸ் நோய், பாக்டீரியா இலைக்கருகல், தண்டுத் துளைப்பான், புகையான் ஆகியவற்றுக்கு அது எளிதில் இரையாயிற்று. ஒரே இரகம் பரந்த நிலப்பரப்பில் ஆண்டு முழுவதும் பயிரானதால் பூச்சிகளுக்கு இடையறாத உணவும் கிடைத்தது.

1969இல் வெளியான ஐ.ஆர். 20 இக்குறைகளுள் சிலவற்றை நீக்கியது. நோய் எதிர்ப்பையும் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ஆற்றலையும் அதற்கு அளித்த பெற்றோர் டி.கே.எம். 6. இம்மூன்றெழுத்து, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். டி.கே.எம். 6இன் பெற்றோர் கோ. 18, ஜி.இ.பி. 24 ஆகியவை. பின்னது கிச்சிலிச் சம்பா என உழவர்களிடையே வழங்குவது. ‘கோணாமணி’ என்னும் நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய மாற்றத்திலிருந்து, 1912இல் நிறுவப்பட்ட கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. ‘அரசுப் பொருளாதாரத் தாவரவியலர்’ என்னும் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராயின. காலனிய அலுவலகக் கோப்பின் வாசனை ஒரு நெல்லின் பெயரில் நிலைத்துவிட்டது. கோணாமணியை வழிவழியாகக் காத்த உழவரின் சுவடு அப்பெயரில் இல்லை.

தமிழகத்தில் ஐ.ஆர். 20 பல்லாண்டுகள் சம்பாப் பருவத்தின் விருப்ப இரகமாக விளங்கியது. அதை வெளிநாட்டு நெல் என்றே பலரும் கருதினர். அதன் மரபில் ஒரு பாதி செங்கற்பட்டு மண்ணுக்கு உரியது.

பன்னாட்டு நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே ஆசியாவில் நாடு கடந்த நெல் ஆராய்ச்சி நிகழ்ந்தது என்பதும் பெரிதும் மறக்கப்பட்ட செய்தியாகும். கோயம்புத்தூரில் பணியாற்றி, பின்னர்க் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான கே. ராமையாவின் முயற்சியால், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் 1950களில் இண்டிகா–ஜப்பானிகா கலப்புத் திட்டம் நடைபெற்றது. தஞ்சைக் குறுவைக்கு ஏற்ற ஏ.டி.டி. 27 அதன் விளைவே. பெருந்திட்டத்தின் பயன் சில இரகங்களோடு நின்றதால் அதைத் தோல்வி என்பாரும் உளர். அத்திட்டம் பல நாட்டு ஆய்வாளர்களுக்கு விதைப் பரிமாற்றத்தைப் பழக்கியது என்பதைக் கருதினால் அம்மதிப்பீடு கடுமையானதாகவே தோன்றுகிறது.

ஆறாயிரத்தில் ஒன்று

1970களில் புகையான் ஆசிய நெல் வயல்களின் பெரும் பகையாக மாறியது. அது சாற்றை உறிஞ்சுவதோடு புல்குட்டை நோயையும் பரப்பியது. அந்நோயைத் தாங்கும் நெல்லைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் லாஸ் பேனியோஸில் சோதிக்கப்பட்டன. பயிரிடப்படும் நெல் எதுவும் பயன்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல்லின் ஒரே மாதிரியில், அதிலும் சில செடிகளில் மட்டும், எதிர்ப்பாற்றல் காணப்பட்டது. கதிர் முற்றுமுன் மணியை உதிர்த்துவிடும் இக்காட்டு நெல்லை உழவர் களையாகவே அறிவர்.

பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் அதன் எதிர்ப்பாற்றலைக் கலப்புகள் வழியே பயிர் நெல்லுக்கு மாற்றினார். 1976இல் வெளியான ஐ.ஆர். 36 அவ்வழியில் வந்தது. அதன் மரபில் டி.கே.எம். 6 மீண்டும் இடம்பெறுகிறது. பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அமைந்த பட்டாம்பி நிலையத்தின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21 ஆகியவை கட்டாக்கில் உருவான ஓர் இடைநிலைக் கலப்பின் வழியாக வந்து, புகையானையும் ஆனைக்கொம்பன் ஈயையும் தாங்கும் ஆற்றலைத் தந்தன. ஏறத்தாழ 110 நாளில் விளைந்த ஐ.ஆர். 36, 1980களில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிராயிற்று.

எதிர்ப்பாற்றல் நிலையான வெற்றியாக அமையவில்லை. 1973இல் வெளியான ஐ.ஆர். 26ஐத் தாக்கவல்ல புகையான் வகை சில ஆண்டுகளிலேயே பெருகியது. இந்தோனேசியாவில் மானிய விலைப் பூச்சிக்கொல்லிகள் சிலந்தி முதலிய இயற்கைப் பகைவர்களைக் கொன்று புகையானை மேலும் பெருக்கின. 1984இல் அரிசித் தன்னிறைவை அறிவித்த அந்நாடு, இரண்டே ஆண்டுகளில் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய நேர்ந்தது.

விளைச்சலும் பசியும்

ஐ.ஆர். 20 பரவிய நாடுகளுள் வங்கதேசமும் ஒன்று. அங்கு 1974இல் பெரும் பஞ்சம் நேர்ந்தது. 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளுள் தலா உணவுத் தானிய இருப்பு மிகுந்திருந்தது அப்பஞ்ச ஆண்டிலேயே என அமர்த்தியா சென் 1981இல் நிறுவினார். வெள்ளத்தால் நடவு வேலை இழந்த கூலித் தொழிலாளரின் வாங்கும் திறன் அரிசி விலையின் ஏற்றத்திற்கு முன் சரிந்தது. இத்தகைய பசிக்குக் கலப்பு வயலில் விடை காண இயலாது.

தஞ்சையிலும் இதை ஒத்த கேள்வி எழுந்தது. லாஸ் பேனியோஸுக்கு நிதியளித்த ஃபோர்டு அறக்கட்டளையே, தஞ்சையை உள்ளடக்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கும் 1960 முதல் துணை நின்றது. புதிய நெல்லும் உரமும் வந்த அதே பத்தாண்டில் விளைச்சலுக்கேற்ற கூலி கேட்ட தொழிலாளர்களின் போராட்டமும் வளர்ந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைப் புதிய விதையின் விளைவு எனல் பிழை. நிலவுடைமையும் சாதியும் அதனினும் பழையவை. ஆயினும் பயனைப் பங்கிடும் வழியைப் பற்றி அத்திட்டம் வாய் திறக்கவில்லை என்பது அதன் பெருங்குறையே.

விதையின் உரிமை

1971இல் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சிக்கான ஆலோசனைக் குழு அமைந்தபோது, திரட்டப்பட்ட விதைகள் மானுடத்தின் பொதுச்சொத்து என்னும் எண்ணமே நிலவியது. 1993இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் பன்மய உடன்படிக்கை மரபு வளங்களின் மீது அந்தந்த நாட்டின் இறையாண்மையை ஏற்றது. மறு ஆண்டு, பன்னாட்டு மையங்கள் தம் விதைத் தொகுப்புகளை உணவு வேளாண்மை அமைப்பின் மேற்பார்வையில் அறங்காவலராக இருந்து காக்க உடன்பட்டன.

இக்காவலின் பயனுக்குக் கம்போடியா சான்று. போருக்கும் போல் பாட் ஆட்சிக்கும் இடையில் அந்நாட்டில் அழிந்துபோன நாட்டு நெல் வகைகளுள் பல, 1970களின் தொடக்கத்தில் திரட்டி லாஸ் பேனியோஸில் வைக்கப்பட்டிருந்தமையால் 1980களில் மீண்டும் அந்நாட்டு உழவரிடம் சென்று சேர்ந்தன.

பயன்பகிர்வின் நிலை வேறு. 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மரபு வள ஒப்பந்தத்தின்படி, பிறர் ஆராய்ச்சிக்கும் பயிர்ப்பெருக்கத்திற்கும் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தி விற்கப்படும் இரகங்களுக்கு மட்டுமே பொது நிதிக்குக் கட்டாயப் பங்களிப்பு உண்டு. தடையின்றி வழங்கப்படும் இரகங்களுக்கு இல்லை. அப்பங்களிப்பும் விதை தந்த ஊருக்கு நேரே செல்வதன்று. டி.கே.எம். 6உம் பட்டாம்பி நெல்லும் லாஸ் பேனியோஸ் கலப்புகளில் சேர்ந்ததோ, அவ்வொப்பந்தத்திற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர்.