சாயம் போகும் சட்டை பிறந்த கதை

"சாயம் போகுமாண்ணே?"

திருவிழாவில் துணிக்கடை போடுகிறவர்கள் எல்லாருக்கும் பழகிய கேள்வி. நான் விற்பது பழந்துணி. நாலு சவுக்குக் கழி, மேலே தார்ப்பாய், குறுக்கே ஒரு கயிறு, அவ்வளவுதான் கடை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் போடுவேன். பூவராகர் கோயில் உற்சவர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்குக் கிளம்பினால், மூட்டையைக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர்கள் சாமியை மாலை மரியாதையோடு வரவேற்பார்கள். அந்தக் கூட்டத்தில் கட்டம் போட்ட பழைய கைலியும் கைத்தறிச் சட்டையும் நன்றாக ஓடும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

"போகும்" என்றுதான் நான் சொல்கிறேன். சாயம் போவது குற்றம் என்றே நம் ஊரில் வளர்ந்திருக்கிறோம். ஒருவரின் வேஷம் கலைந்தால்கூட "சாயம் வெளுத்துப்போச்சு" என்கிறோம். அதே குற்றத்தை லேபிளில் அச்சடித்து, உறுதிமொழியாகவே கொடுத்து விற்ற சட்டை ஒன்று உண்டு. பழந்துணி வியாபாரத்தில் இன்றைக்கும் அதை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதன் பெயர் மெட்ராஸ்.

அந்தப் பெயரின் கதையை எங்கள் கடற்கரையிலிருந்தே சொல்லலாம். கிள்ளைக்கு வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர், டேனிஷ்காரர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் அங்கே வந்திறங்கினார்கள். அவர்களை இழுத்து வந்த சரக்குகளில் முதலில் நிற்பது துணி. 1690-இல் கடலூரையொட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கிராமங்கள் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களில் அந்தக் குண்டு இன்னும் கடலூரில் கிடக்கிறது. அப்போது மதராஸில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1718-இல் அவர் அமெரிக்காவின் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அதுதான் யேல் பல்கலைக்கழகம்.

கட்டம் போட்ட ருமால் துணி அந்தக் காலத்து ஏற்றுமதி. ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் சதுரம். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று வெளிநாட்டில் அதற்குப் பெயர் நிலைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள் ஐரோப்பிய வியாபாரிகள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் கலபாரி மக்கள் இந்தக் கட்டத்துணியை 'இஞ்சிரி' என்று தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். சில இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி எடுத்துப் புதுக்கோலம் காண்பது அவர்கள் கண்டுபிடித்த கலை. பழந்துணிக்காரன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சட்டையின் கதைக்கு வருவோம். 1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி பம்பாய்க்கு வந்தார். அவரைச் சந்தித்தவர் கண்ணூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். அவர் பின்னாளில் சொன்ன கதை இது. கெஜம் ஒரு டாலர் என்று 10,000 கெஜம் கட்டத்துணி கை மாறியது. தாவரச் சாயம் போட்ட துணி, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை துணியோடு போகவில்லை. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைத் தைத்து விற்றது. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சிவப்பு மஞ்சளில் இறங்கியது, நீலம் எல்லாவற்றிலும் இறங்கியது. கூடப் போட்ட வெள்ளைத் துணிகளின் கதி கேட்கவே வேண்டாம். வழக்குப் போடுவோம் என்கிற அளவுக்குப் பேச்சு முற்றியது.

வழக்குக்குப் பதிலாக விளம்பரம் வந்தது. 'செவன்டீன்' பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றிப் பல பக்கங்களுக்குக் கட்டுரை வெளியானது: ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி, இந்தியாவிலிருந்து. "சாயம் போகும், உத்தரவாதம்" என்பதே கோஷமாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள், யேல் பிள்ளைகளும்தான். 1960-களில் அமெரிக்க வணிக ஆணையமே இதற்கு இலக்கணம் வகுத்தது. இந்தியாவில் கைத்தறியில் நெய்த, தாவரச் சாயம் ஏற்றிய, சாயம் போகிற துணிக்குத்தான் 'மெட்ராஸ்' என்று பெயர் போடலாம் என்றது.

விளம்பரக்காரர் சாமர்த்தியம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துணி உண்மையிலேயே அப்படித்தான். பல தாவரச் சாயங்களை இழையில் பூட்டுவது படிகாரம் போன்ற பொருள். பூட்டு தளர்ந்தால் நிறம் தண்ணீரோடு வந்துவிடும். மஞ்சள்கிழங்கின் நிறமோ எப்படிப் பூட்டினாலும் வெயிலுக்கு நிற்காது. ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்களின் விளிம்பு கரைந்து ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். ஒரே பாவில் வந்த இரண்டு சட்டைகள்கூடப் பத்துச் சலவைக்குப் பிறகு இரண்டு விதமாக நிற்கும். உடுத்தியவரின் வெயிலும் வேர்வையும் அதில் சேர்ந்திருக்கும்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த லேபிள்களில் கடையின் பெயர் இருந்தது, 'இந்தியா' இருந்தது. நெய்தவரின் ஊர் இல்லை. கைலிக்குப் பேர்போன நம் குறிஞ்சிப்பாடியில் தறி முன் உட்கார்ந்த மனிதரின் பெயரை இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. அதனால் என் கடையில் ஊர் தெரிந்த துணிக்கு ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைக்கிறேன்: எந்த ஊர்த் தறி, எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது, எத்தனை வருஷம் உடுத்தினார்கள். ஊர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன்.

துணி வாங்குவதற்கு வீடு வீடாகத்தான் போகிறேன். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவி வருகிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அவர்கள் கைக்குப் போனால் கரித்துணியாகி எங்கோ போய்விடும். கைலிகளை நம் பெண்கள் லேசில் கொடுப்பதில்லை. ஆறு பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய கைலி என்பார்கள். பிறந்த குழந்தையின் மேல் முதலில் படுவது பழந்துணிதானே, புதுசு உறுத்தும். அப்படிச் சொல்லித் திரும்ப மடித்து வைத்துவிட்டால் நானும் கேட்பதில்லை.

போன மாசி மகத்தில் ஒரு கல்லூரிப் பையன் நீலமும் சிவப்பும் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது. அப்புறம் அந்தக் கேள்வி. வெள்ளைக் கைக்குட்டையின் முனையைத் தண்ணீரில் நனைத்து, சட்டையின் உள்மடிப்பில் இரண்டு தேய் தேய்த்து அவனிடம் காட்டினேன். முனையில் அவுரி நீலம், ஓரத்தில் துளி சிவப்பு. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எவ்வளவுண்ணே?"

விலையைச் சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டு, "வெள்ளை வேட்டியோட சேத்துப் போட்டுடாதே தம்பி, தனியா அலசு" என்று சொல்லிச் சட்டையை மடித்துக் கொடுத்தேன்.