நத்தம்: குடியிருந்த நிலத்தின் பெயர்

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்க வரலாற்றை அறிய முற்படுவோர் கோயிலையும் அதன் கல்வெட்டுகளையும் முதலில் நாடிச் செல்வது வழக்கமாக இருப்பினும், அக்கோயில் எழுவதற்கு முன்பே மக்கள் வீடுகட்டி வாழ்ந்த நிலத்துக்கு வழங்கிய நத்தம் என்னும் பெயரே அவ்வரலாற்றின் அடித்தளத்தைத் தொட்டுக் காட்டவல்லது. ஊரின் நான்கு எல்லைகளுக்குள் அடங்கும் வயல், தோட்டம், ஏரி, மேய்ச்சல் தரை, சுடுகாடு ஆகியவற்றினின்றும் பிரித்து, குடிகள் வீடும் கொல்லையுமாக அமர்ந்திருக்கும் பகுதியை மட்டும் குறிப்பது இச்சொல். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கிராம நத்தம் என்ற தொடராக அது இன்றும் நிலைத்திருக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். திருக்குறளின் புகழ் அதிகாரத்து 235ஆம் குறளிலும் நத்தம் என்ற வடிவம் வருகிறது. அதற்குப் பரிமேலழகர், நந்து என்பது நத்து என விகாரப்பட்டு அம் விகுதி பெற்றது எனக் காட்டி, ஆக்கம் என்று பொருள் கொள்கிறார். நந்துதல் என்றால் வளர்தல், பெருகுதல். குடிகள் பெருகிய இடம் ஆதலின் குடியிருப்பும் நத்தமாயிற்று என்று விளக்குவது செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஒலிநெறியும் அதற்குத் தடையாக நிற்கவில்லை. எனினும் வடிவ ஒற்றுமை மட்டுமே பொருள் உறவுக்குச் சான்றாகிவிடாது. கல்வெட்டுகளில் இச்சொல் வளர்ச்சி என்ற சாயல் சிறிதுமின்றி, அளந்து கணக்கில் ஏற்றப்பட்ட ஒரு நிலவகையின் பெயராகவே வருவதால், இதன் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் வழங்கிய ஊர்களின் வருவாயை விவரிக்கும் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பையும் வேலி, மா, காணி, முந்திரிகை என்னும் அளவுகளில் மிக நுண்ணிய பின்னம் வரை சொல்லி, பின்னர் அதிலிருந்து இறையிலி நிலங்களை, அதாவது வரி செலுத்த வேண்டாத நிலங்களை, ஒன்றொன்றாகக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே காணிக்கடன் எனப்பட்ட நிலவரியை நெல் கணக்கில் விதிக்கின்றன. கழிக்கப்பட்டவற்றுள் ஊர்நத்தம் அடிக்கடி இடம்பெறுகிறது. அதனுடன் கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவையும் எண்ணப்படுகின்றன. முந்திரிகையைக்கூட விட்டுவிடாத அந்தக் கணக்கு, மனிதர் உறங்கும் நிலத்தை வரிக்கு உட்படுத்தவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும். விளையும் நிலமே இறை தரும், வாழும் நிலம் தராது என்ற கொள்கை அக்கழித்தலுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆயினும் அதே பட்டியல் மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொல்கிறது. கம்மாணச்சேரி, பறைச்சேரி, ஈழச்சேரி முதலியவை ஊர்நத்தத்துள் அடங்காமல் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. இவையும் வரியற்றவைதாம், ஆனால் ஊர் என்ற பெயர் இவற்றுக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணங்கள் ஊர்நத்தம், சேரிநத்தம் என இருவகையாகப் பிரித்துப் பேசுவது இப்பழைய பிளவின் தொடர்ச்சியே. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில், அவர்கள் குடியிருந்த மனைகளின் மீது மிராசுதாரர்கள் கொண்டாடிய உரிமை அவர்களை அடக்கிவைக்கும் கருவியாகப் பயன்பட்டதை எடுத்துக்காட்டினார். கூலியை உயர்த்திக் கேட்டவன் வயல் வேலையோடு வீட்டையும் இழக்க நேரும் என்ற நிலையில், நத்தம் என்பது வெறும் நிலவகையாக இராமல் விடுதலையின் அளவுகோலாகவே ஆகிவிடுகிறது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்ட ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு அரசாணை அவ்வறிக்கையைத் தொடர்ந்து வந்ததாகும்.

நத்தம் அமைந்த இடத்துக்கும் காரணம் உண்டு. நீர் பாயும் தாழ்நிலம் நெல்லுக்கு வேண்டியிருந்ததாலும், மழைக்காலத்தில் வெள்ளம் ஏறாத தரை வீட்டுக்கு வேண்டியிருந்ததாலும், ஏரிக்கும் ஆற்றுக்கும் எட்டும் தொலைவில் இயற்கையாகவே சற்று உயர்ந்த திடலைக் குடிகள் தேர்ந்தனர். மண்சுவர் வீடு இடிந்தால் அம்மண்ணை மிதித்துச் சமப்படுத்தி அதன்மேலேயே அடுத்த வீட்டை எழுப்பியதாலும், சாம்பலும் குப்பையும் சாணமும் தலைமுறைதோறும் சேர்ந்ததாலும் அத்திடல் மேலும் உயர்ந்தது. பஞ்சம், போர், நீர்நிலையின் அழிவு போன்ற காரணங்களால் மக்கள் வெளியேறிய பின் எஞ்சும் மேடே நத்தமேடு. இப்பெயரோடு அறியப்படும் மேடுகளில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இரும்புக் கசடும் சுடுமண் உறைகிணற்று வளையங்களும் வெளிப்படுவது களஆய்வாளர் நன்கறிந்தது. அம்மண் சத்து மிக்கது என்பதனால் உழவர் அதை வண்டி வண்டியாக வெட்டி வயலுக்கு எருவாக இட்டுவந்தனர். அவர்களைக் குறைகூற இயலாது எனினும், எழுத்தில் இல்லாத வரலாறு அவ்வாறு கரைந்துபோனது பேரிழப்பு.

ஆட்கள் பெயர்ந்தாலும் ஊர்ப்பெயர்களில் சொல் தங்கிவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், மதுரையின் பழங்காநத்தம், பாளையங்கோட்டையை அடுத்த கீழநத்தம், மேலநத்தம், காஞ்சிபுரத்து நத்தப்பேட்டை ஆகியவை சில. இவற்றுள் சில இன்று பெருநகரத்துக்குள் மூழ்கிவிட்டன.

சட்டத்திலும் இச்சொல்லுக்குத் தனியிடம் உண்டு. சென்னை மாகாணத்தின் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பிறருக்கு உரிமையில்லாத நிலம் யாவும் அரசினுடையது என்று அறிவித்தபோதே, வீட்டுமனையாகவும் கொல்லையாகவும் ஒருவர் உரிமையில் உள்ளதை அதிலிருந்து விலக்கியது. அந்த விலக்கை அடிப்படையாகக் கொண்டே, குடியிருப்போர் கையில் உள்ள கிராம நத்தம் அரசுக்கு உரியதன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. எனவே, பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டு வரிவிதிப்புக்கு வெளியே நிற்கும் புறம்போக்கையும் நத்தத்தையும் ஒன்றாக்கி, நத்தம் புறம்போக்கு என்று பேச்சிலும் மனுவிலும் எழுதும் வழக்கம் பிழையானது. அத்தொடர், வழிவழியாக வாழும் குடியை ஆக்கிரமிப்பாளர் போலத் தோன்றச் செய்துவிடுகிறது.

நெடுங்காலம் நத்தம் முழுவதும் ஒரே புல எண்ணாகவே பதிவேட்டில் இருந்தது. உள்ளே எந்த வீடு எவருடையது என்பதை அண்டை அயலாரின் அறிவே காத்துவந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நடந்த நத்தம் நில அளவையின்போதுதான் மனைகள் தனித்தனியே அளக்கப்பட்டு, முதலில் தோராயப் பட்டாவும், ஆட்சேபங்கள் கேட்கப்பட்ட பின் தூய பட்டாவும் வழங்கப்பட்டன.