தொலைவழிக் கைப்பயிற்சி (பாரிசவாதத்தின் பின்)

மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டோ, நாளம் வெடித்தோ, தலையில் அடிபட்டோ கையின் இயக்கத்தை இழந்தவர், தம் வீட்டிலிருந்தவாறே, தூரத்துச் சிகிச்சையாளர் தொலைபேசியிலோ காணொளியிலோ கண்டு திருத்த, நாள்தோறும் செய்துவரும் புனர்வாழ்வுப் பயிற்சி. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் லயன்களில் (வரிசை வீடுகளில்) வாழும் தோட்டத் தொழிலாளருக்கு இது மிகவும் ஏற்ற முறை. தேயிலைக் கொழுந்து பறிப்பது இரு கைகளின் தொழில். நிறை குறைந்தால் அரைப்பேரே (அரைநாட் சம்பளமே) விழும் அத்தொழிலில், ஒரு கை செயலிழப்பது குடும்பத்தின் ஜீவனமே குலைவதாகும்.

வரலாறு: இலங்கைத் தோட்டங்களில் வைத்தியம், கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தினால் சட்ட உருவம் பெற்றது. 1912இல் அச்சட்டம் புதுக்கி இயற்றப்பட்டது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். காய்ச்சலும் வயிற்றோட்டமும் பிரசவ மரணமும் மலிந்திருந்த அந்நாளில், உழைப்பவரின் உயிரைக் காப்பதே தோட்ட வைத்தியத்தின் பிரதான நோக்கமாயிருந்தமையால், பிழைத்தெழுந்தவரின் அவயவத்தை மீண்டும் தொழிற்படுத்தும் சிந்தனை அதில் இடம்பெறவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றபோதும் அக்குறை தொடர்ந்தது.

நிலைகளும் வகைகளும்: சிக்னே புரூன்ஸ்ட்ரம் அம்மையார் கை மீளும் போக்கை ஆறு நிலைகளாக வகுத்தார். முதலில் கை முற்றும் தளர்ந்து கிடக்கும்; பின்னர் தசை இறுகத் தொடங்கி, மூன்றாம் நிலையில் இறுக்கம் உச்சமடைய, தோளும் முழங்கையும் விரல்களும் ஒன்றாகவே அசையும்; அடுத்த நிலைகளில் இறுக்கம் படிப்படியாகத் தணிந்து ஒவ்வொரு மூட்டும் தனித்தியங்கும். 1975இல் வெளியான பூகல்-மேயர் அளவை இவ்வளர்ச்சியை, கையைப் பொறுத்தவரை, 66 புள்ளிகளால் மதிப்பிடுகிறது. பயிற்சிகளுள் மூன்று முக்கியமானவை. எட்வர்ட் டாப் வகுத்த முறையில், நலமான கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, நலிந்த கையையே இரு வாரம் உழைக்கச் செய்வர். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்ட வல்லவர்க்கே இது பொருந்தும். இரண்டாவது, தமிழகத்தில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் உணரப்படும் மாயவலிக்குக் கண்டறிந்ததும், 1999இல் பாரிசவாதத்திலும் சோதிக்கப்பட்டதுமான, நலமான கையின் பிம்பத்தைப் பார்த்தவாறு செய்யும் கண்ணாடிப் பயிற்சி. மூன்றாவது, கோப்பை எடுத்தல், மா பிசைதல், பொத்தான் பூட்டல் போன்ற அன்றாடச் செயல்களையே பன்முறை செய்யும் பயிற்சி. எம்முறையாயினும், துவண்ட கையைப் பிடித்திழுத்து நோயாளியைத் தூக்குதல் தோள்மூட்டை நழுவச் செய்யுமாதலால் விலக்கத்தக்கது.

பயன்: அமெரிக்காவில் 124 பேரிடம் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வில், வீட்டில் தொலைவழியாகப் பயின்றோர் நிலையத்திற்குச் சென்று பயின்றோருக்குக் குறையாத முன்னேற்றம் அடைந்தனர். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாரைப் பயிற்றி அவர்களிடமே பொறுப்பை விட்டபோது மேலதிக நன்மை விளையவில்லை. ஆகவே, வீட்டார் துணைநிற்க, சிகிச்சையாளரின் கண் இடையறாது இருத்தலே இம்முறையின் உயிர்நாடி.

தற்கால நிலை: பதுளை மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்தின் தலைமை வைத்தியசாலை பதுளைப் போதனா வைத்தியசாலை; லயன்களிலும் இன்று கைத்தொலைபேசி உண்டாதலால், அங்கிருந்து இப்பயிற்சியை வழிநடத்த இயலும்.